உலைக்குத் தப்பிய அரை ஈகிள்

1795ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, பிலடெல்பியா நகரின் ஏழாம் தெருவில் இருந்த சிறிய நாணயச்சாலை 744 தங்கக் காசுகளை அடித்து முடித்து ஒப்படைத்தது. அமெரிக்கக் குடியரசு தன் பெயரில் வெளியிட்ட முதல் தங்க நாணயம் அதுதான். 5 டாலர் மதிப்புள்ள அந்தக் காசுக்கு அரை ஈகிள் என்று பெயர். 10 டாலர் மதிப்புள்ள ஈகிள் அதே ஆண்டு செப்டம்பரிலும், இரண்டரை டாலர் மதிப்புள்ள கால் ஈகிள் மறு ஆண்டிலும் வந்தன. அன்று தொடங்கி 1834ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அடிக்கப்பட்டவற்றைத் தொடக்ககாலத் தங்கம் என்று சேகரிப்பாளர்கள் தனியே பிரித்துப் பேசுகிறார்கள்.

என்னிடம் இருப்பது 1807ஆம் ஆண்டின் அரை ஈகிள் ஒன்று. அதைப் பார்க்கும் நண்பர்கள், பெரும்பாலும் என்னைப் போல வேலைக்காக அமெரிக்கா வந்து தங்கிவிட்ட தமிழர்கள், முதலில் கேட்பது எத்தனை பவுன் தேறும் என்று. அடுத்துக் கேட்பது இது நல்ல முதலீடா என்று. முதல் கேள்விக்கு விடை எளிது. காசின் எடை 8.75 கிராம், அதாவது ஒரு பவுனுக்கு முக்கால் கிராம் கூடுதல்; மாற்று 22 காரட், நம் வீட்டு நகைகளின் அதே மாற்று. இரண்டாம் கேள்விக்கு அப்படி ஒரு வரியில் விடை சொல்ல முடிவதில்லை. இத்தகைய காசை முதலீடு என்று மட்டும் நினைத்து வாங்குகிறவர் பெரும்பாலும் தவறான காசைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதும், காசைக் காசாகவே விரும்பிப் படித்து வாங்குகிறவருக்குத்தான் விற்கும் நாளில் நல்ல விலையும் அமைகிறது என்பதும், பல ஆண்டுகளாக ஏலங்களையும் கண்காட்சிகளையும் கவனித்து நான் வந்து சேர்ந்த முடிவு.

இந்தக் காசுகள் ஏன் அரிதாயின என்பதிலிருந்து தொடங்குவதே முறை. 1810ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரை ஈகிள்கள் அடிக்கப்பட்டன. அந்தச் சிறு நாட்டுக்கு அது கணிசமான எண்ணிக்கை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. 1792ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி நிறைவேறிய நாணயச் சட்டம், ஒரு பங்கு தங்கம் 15 பங்கு வெள்ளிக்குச் சமம் என்று நிர்ணயித்தது. நிதிச் செயலாளராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் பரிந்துரைத்த விகிதம் அது. பரிந்துரைத்த காலத்தில் சந்தை நிலவரத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் ஐரோப்பாவில் தங்கத்தின் மதிப்பு மெல்ல ஏறியது. 1803இல் பிரான்ஸ் தன் விகிதத்தை 15.5 என்று வகுத்தபோது, அமெரிக்கத் தங்கக் காசைக் கப்பலில் ஏற்றி அனுப்பி அங்கே வெள்ளியாக மாற்றிக் கொண்டுவந்தால் நூற்றுக்கு மூன்றுக்கும் மேல் மிஞ்சும் என்ற நிலை உண்டாயிற்று. வணிகர்கள் அதைத்தான் செய்தார்கள். 10 டாலர் ஈகிள் அடிப்பது 1804இல் நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்க 1838 வரை ஆயிற்று.

நாணயச்சாலை இதைத் தடுக்க முடியாமல் போனதற்கு அதன் அமைப்பே காரணம். தங்கத்தை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் கொண்டுவந்து கொடுத்தால், அதைக் கூலி வாங்காமல் காசாக அடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் வங்கிகளே கொடுத்தன, வங்கிகளே வாங்கிச் சென்றன. அடித்த காசு பெட்டகத்தில் கையிருப்பாகக் கிடந்தது, அல்லது கடல் கடந்தது. 5 டாலர் என்பது அன்றைய தொழிலாளி ஒருவரின் பல நாள் கூலி என்பதால் சாதாரண மக்கள் கையில் அது அதிகம் புழங்கவில்லை. அவர்கள் ஸ்பானிய வெள்ளியையும் செம்புச் சில்லறையையுமே வைத்துப் பிழைத்தார்கள். 1820களில், பிரிட்டன் தன் நாணயத்தை முழுமையாகத் தங்கத்தின் மேல் நிறுத்திக்கொண்ட பிறகு, அமெரிக்க அரை ஈகிள்கள் அடித்த சூட்டோடு அட்லாண்டிக்கைக் கடந்து உலைக்குள் போயின. அதனால்தான் 1790களின் காசைவிட 1820களின் காசு கிடைப்பது பல ஆண்டுகளைப் பொறுத்தவரை கடினம். பழையது அரிது என்ற பொது நம்பிக்கை இங்கே செல்லாது.

உள்நாட்டில் மிஞ்சியவற்றுக்கும் 1834ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு கட்டியது. 5 டாலர் காசில் இருக்க வேண்டிய தூய தங்கத்தை 123.75 கிரெய்னிலிருந்து 116 கிரெய்னாக (ஒரு கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம்) அந்தச் சட்டம் குறைத்தது. அப்படியானால் பழைய காசில் இருந்த தங்கம் புதுக் காசின் கணக்கில் 5 டாலர் 33 சென்ட் பெறும். காசைக் காசாக வைத்திருப்பதைவிட உருக்குவது லாபம் என்று சட்டமே சொல்லிவிட்ட பிறகு யார் வைத்திருப்பார்கள்? இரண்டையும் ஒரே பார்வையில் பிரித்தறிவதற்காகப் புதுக் காசில் கழுகின் தலைக்கு மேல் இருந்த லத்தீன் வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இதன் உச்ச எடுத்துக்காட்டு 1822ஆம் ஆண்டின் அரை ஈகிள். அந்த ஆண்டு 17,796 காசுகள் அடிக்கப்பட்டதாகக் கணக்கு சொல்கிறது. இன்று அறியப்பட்டவை மூன்றே மூன்று. அவற்றில் இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆகவே ஒருபோதும் விற்பனைக்கு வரப்போவதில்லை. தனியார் கையில் இருக்கும் ஒன்று, பால்டிமோர் வங்கியாளர் லூயி எலியாஸ்பெர்க்கின் தொகுப்பிலிருந்து 1982இல் 6,87,500 டாலருக்கு விலைபோய், பிரென்ட் போக் தொகுப்பில் சேர்ந்து, 2021 மார்ச் மாதம் ஸ்டாக்ஸ் பவர்ஸ் ஏலத்தில் 84 லட்சம் டாலருக்கு விற்றது.

முதலீடு என்ற சொல்லோடு இந்தத் துறைக்குள் நுழைகிறவர்களுக்கு எடுத்துக் காட்டப்படுவது இத்தகைய விற்பனைகள்தான். 84 லட்சம் என்ற எண் கண்ணைப் பறிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 38 ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்கு, அதாவது ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான கூட்டு வளர்ச்சி. அதே காலத்தில் வெறும் தங்கத்தின் விலை ஏறத்தாழ நான்கு மடங்குதான் ஏறியது, ஆகவே காசு தங்கத்தை நன்றாகவே முந்தியிருக்கிறது. ஆனால் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு, ஈவுத்தொகையைச் சேர்க்காமலே, இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வளர்ந்தது. உலகில் தனியாருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஒரு 1822 அரை ஈகிளின் கதையே இதுவென்றால், அதைவிட எளிதாகக் கிடைக்கும் காசுகளிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. இந்தக் காசுகளின் விலை நீண்ட காலத்தில் ஏறும் என்று நான் நம்புகிறேன். ஓய்வூதியத்துக்கான பணத்தை இவற்றில் போடுவதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு முறை வால் ஸ்ட்ரீட்டே இதை முயன்று பார்த்தது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்று இரண்டு தரநிர்ணய நிறுவனங்கள் தொடங்கப்பட்டு, காசைப் பார்த்து 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுத்து, ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத் தரும் முறை பரவியது. எண் இருக்கிறது, போலியில்லை என்ற உறுதியும் இருக்கிறது, இனிப் பங்குகளைப் போலக் காசைக் கண்ணால் பார்க்காமலே வாங்கி விற்கலாம் என்று பெரிய நிதி நிறுவனங்கள் எண்ணின. 1989இல் அரிய நாணயங்களுக்கென்றே நிதியங்கள் தொடங்கப்பட்டு விலைகள் விண்ணை நோக்கிப் போயின. மறு ஆண்டே சரிந்தன. ஒரே எண் எழுதப்பட்ட இரண்டு உறைகளுக்குள் இருப்பவை ஒரே தரமான இரண்டு காசுகள் அல்ல என்பதைப் பணம் வைத்திருந்தவர்கள் தாமதமாகவே உணர்ந்தார்கள்.

அந்த வேறுபாட்டைக் கண்ணால் காணப் பழகுவதுதான் இந்தத் துறையின் பாதிப் படிப்பு. பால்டிமோரில் நடக்கும் நாணயக் கண்காட்சியில் ஏலத்துக்கு முந்தைய பார்வை நேரத்தில் 1795ஆம் ஆண்டின் அரை ஈகிள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உருவத்தின் கன்னத்துக்கும் கூந்தலுக்கும் குறுக்கே இணையிணையாகச் சில கோடுகள் ஓடின. அறியாதவர் யாரோ கீறிவிட்டார்கள் என்றே நினைப்பார். அவை நாணயச்சாலையிலேயே ஏற்பட்டவை. சட்டம் கேட்ட எடைக்கு மேல் இருந்த வில்லையை, அச்சுக்குக் கீழே வைப்பதற்கு முன் அரத்தால் ராவி எடை குறைத்தார்கள். அடித்தபோது அச்சின் அழுத்தம் அந்தக் கோடுகளை முழுவதும் அழிக்கவில்லை. விளக்கின் கீழே காசை மெதுவாகச் சாய்த்தால், அரத்தின் கோடு கூந்தலின் மேடான இழைகளில் மங்கி, அழுத்தம் குறைவாக விழுந்த இடங்களில் மீண்டும் தெரிவதைக் காணலாம். பிற்காலத்தில் விழுந்த கீறலோ மேடுகளை வெட்டிக்கொண்டு மேலாகவே போகும், அதன் விளிம்பில் உலோகம் சற்று எழும்பி நிற்கும். முன்னது காசின் பிறப்போடு வந்த அடையாளம், பின்னது சேதம். விலைக்கும் இரண்டுக்கும் உள்ள தொடர்பு அதற்கேற்ப மாறுகிறது.

சேதங்களில் நான் அதிகம் அஞ்சுவது நகைவேலையை. நம் பாட்டிமார் காசுமாலைக்காகச் சவரன்களில் வளையம் பற்றவைத்ததைப் போலவே, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர்களும் பழைய தங்கக் காசுகளைக் கடிகாரச் சங்கிலியிலும் பதக்கத்திலும் கோத்து அணிந்தார்கள். பிறகு வளையத்தை எடுத்து, விளிம்பைத் தேய்த்து, மெருகு போட்டு விற்றார்கள். நகைக்கு மெருகு அழகு. காசுக்கு அது அழிவு. அடிக்கும்போது உலோகம் அச்சுக்குள் பாய்ந்து உண்டாகும் மென்மையான மினுமினுப்பு, விளக்கைத் திருப்பினால் காசின் மேல் சக்கரமாகச் சுழலும் அந்த ஒளி, ஒரு முறை மெருகு போட்டால் போய்விடும், எந்த வித்தையாலும் திரும்பாது. ஆகவே விளிம்பைப் பார்க்க வேண்டும். உச்சியில், பன்னிரண்டு மணி நிலையில், வரிகள் தடைப்படுகின்றனவா, அங்கே நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு தந்திரம் அண்மைக் காலத்தது. கீறல்களின் மேல் மெழுகு போன்ற பொருளைத் தடவி மறைத்துத் தரநிர்ணயத்துக்கு அனுப்புகிறார்கள். சில ஆண்டுகளில் அது மங்கலான படலமாக வெளுத்து வெளிப்படுகிறது. சாய்வான ஒளியில் முகத்தின் மேல் பால்போல ஒரு திரை தெரிந்தால் நான் அந்தக் காசைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுவேன், உறையில் எந்த எண் இருந்தாலும் சரி.

எண்ணைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 58 வரை புழங்கிய காசு, 60 முதல் புழங்காத காசு என்பது வகுப்பு. 58க்கும் 62க்கும் இடையில் விலை கணிசமாகத் தாவுகிறது. அதனால் 58 எண் பெற்ற காசை உறையிலிருந்து உடைத்தெடுத்துத் திரும்பத் திரும்ப அனுப்பி, 61 அல்லது 62 வாங்கிவிடும் பழக்கம் வணிகர்களிடம் வேரூன்றியிருக்கிறது. எண் உயர்கிறது, காசு அப்படியே இருக்கிறது. ஒரே காசு பல முறை எண்ணப்படுவதால், இந்தத் தரத்தில் இத்தனை காசுகள் உள்ளன என்று நிறுவனங்கள் வெளியிடும் பட்டியலும் உண்மையைவிடப் பெருத்துக் காட்டுகிறது. 2007இல் ஜான் அல்பனீஸ் தொடங்கிய சி.ஏ.சி. நிறுவனம், உறைக்குள் இருக்கும் காசு அந்த எண்ணுக்கு உறுதியாகத் தகுதியுள்ளதா என்று மறுமுறை பார்த்து, தகுதியானால் ஒரு பச்சை ஒட்டியைத் தருகிறது. அந்த ஒட்டிக்குச் சந்தையில் தனி விலை ஏற்பட்டிருப்பதே, எண் மட்டும் போதவில்லை என்பதற்குச் சான்று. உயிரற்ற 62ஐவிட, நட்சத்திரங்களுக்கும் எழுத்துகளுக்கும் நடுவே முதல் மினுமினுப்பும் செம்பொன் நிறமும் மிஞ்சிய 55 எனக்கு மேலானது, விலையும் குறைவு.

என் காசை நான் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான். 1807ஆம் ஆண்டில் இரண்டு வடிவங்கள் உண்டு. முதலில் வலப்புறம் நோக்கும் சுதந்திர தேவியின் பழைய வடிவம். பிறகு இடப்புறம் நோக்கும் புது வடிவம், 51,605 காசுகள். என்னுடையது புது வடிவம். தலையில் துணிக் குல்லாய், அதன் பட்டையில் லிபர்ட்டி என்ற சொல், இடப்பக்கம் ஏழும் வலப்பக்கம் ஆறுமாக 13 நட்சத்திரங்கள். பின்பக்கத்தில் மார்பில் கேடயம் தாங்கிய கழுகு, அதன் கீழே 5 என்ற எண்ணும் டாலரின் முதலெழுத்தும். அதற்கு முன் அடித்த அரை ஈகிள்களில் மதிப்பே பொறிக்கப்படவில்லை. எடையும் மாற்றும்தான் மதிப்பு என்று கருதிய காலம் அது. புது வடிவத்தைச் செதுக்கியவர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஜான் ரைக். ஆண்டுக்கு 600 டாலர் சம்பளத்தில் 1807இல் உதவியாளராகச் சேர்ந்து, 1817இல் விலகினார். தன் பெயரை அவர் எந்தக் காசிலும் பொறிக்கவில்லை. ஆனால் பதின்மூன்றாம் நட்சத்திரத்தின் வெளிப்புற முனையில் ஒரு சின்னஞ்சிறு வெட்டு இருக்கும். அதை அவருடைய கையொப்பம் என்றே நாணயவியலாளர்கள் கொள்கிறார்கள். என் காசில் அதை உருப்பெருக்கியில் தெளிவாகக் காண முடிகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியேறி விட்டுச்சென்ற அந்த வெட்டைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை எந்த விலைப்பட்டியலாலும் அளக்க முடியாது, நான் அதை வாங்கியதற்கு முதன்மையான காரணமும் அதுவே.

இனிப் பணக் கணக்கு. ஒரு அரை ஈகிளில் இருக்கும் தூய தங்கம் அவுன்ஸில் கால் பங்குக்குச் சற்று மேல். தங்கம் அவுன்ஸ் 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் உலோக மதிப்பு 770 டாலர் சொச்சம். எளிதில் கிடைக்கும் ஆண்டின் நல்ல காசு ஒன்றுக்குச் சில ஆயிரங்களும், 1795ஆம் ஆண்டுக் காசுக்குப் பல பத்தாயிரங்களும் கேட்பார்கள். ஆகவே தங்கம் விலை ஏறும் என்று எண்ணி இதை வாங்குவது பொருந்தாது. அதற்குத் தங்கக் கட்டி இருக்கிறது. ஏலத்தில் அடிபடும் விலைக்கு மேல் வாங்குகிறவர் கட்டணம் என்று பொதுவாக இருபது சதவீதம் அளவுக்குச் சேரும். 10,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்த காசுக்கு நீங்கள் கொடுப்பது 12,000. மறுநாளே ஏலத்தில் அதே சுத்தியல் விலைக்கு விற்றால் உங்கள் கைக்கு வருவது அதிகபட்சம் 10,000. அந்த இடைவெளியைக் காலம் நிரப்பும் வரை பொறுத்திருக்க வேண்டும். லாபம் வந்தால், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குக்குக் கிடைக்கும் சலுகை வரிவிகிதம் சேகரிப்புப் பொருளுக்கு இல்லை. கூட்டரசு வரி 28 சதவீதம் வரை போகலாம். வங்கிப் பெட்டகத்தில் வைத்த காசுக்கு வைப்புத்தொகைக் காப்பீடு பொருந்தாது, வீட்டுக் காப்பீடும் நாணயங்களுக்கு மிகச் சிறிய வரம்பையே தருவது வழக்கம், எனவே தனிக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் வரும் விற்பனையாளர்களிடமிருந்து விலகி நிற்பது நல்லது. 1933 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணை, மக்கள் தங்கத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொன்னபோது, சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்புள்ள அரிய காசுகளுக்கு விலக்கு அளித்தது உண்மை. அந்தப் பழைய விலக்கைக் காட்டி, அரசு மீண்டும் தங்கத்தைப் பறிக்கும், இந்தக் காசைத்தான் தொட முடியாது என்று அச்சமூட்டி, சாதாரணக் காசைப் பெரிய விலைக்கு வயதானவர்கள் தலையில் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. நல்ல வணிகர் அவசரப்படுத்த மாட்டார். உறையைக் கையில் கொடுத்து, விளக்கைத் திருப்பிவிட்டு, பேசாமல் இருப்பார்.

வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைக்குச் செலவே இல்லை. ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் படங்களையும் விலைகளையும் இணையத்தில் வைத்திருக்கின்றன. இந்தக் காசுகள் ஒவ்வொன்றுக்கும் அரக்கோடு, அச்சு விரிசல், விளிம்புத் தட்டு என்று தனக்கே உரிய அடையாளம் இருப்பதால், உங்கள் முன்னால் இருக்கும் அதே காசு முன்பு எப்போது, எந்த எண்ணோடு, என்ன விலைக்கு விற்றது என்பதைப் பல நேரங்களில் கண்டுபிடித்துவிடலாம். இன்று 62 என்று நீட்டப்படும் காசு முந்தைய ஏலத்தில் 58ஆக இருந்ததை அப்படி நான் கண்டிருக்கிறேன், விலகிக்கொண்டேன். ஹாரி பாஸின் புகழ்பெற்ற தொகுப்பில் இருந்து வந்தது போன்ற நல்ல பூர்வீகம் தெரியவந்தால், அதற்குக் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்க வேண்டியதில்லை. உறையில் அச்சிட்ட சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படத்தோடு காசை ஒப்பிடுவதும் கட்டாயம். இப்போது காசு மட்டுமல்லாமல் உறையும் போலியாக வருகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் உடனே தொடக்ககாலத் தங்கத்துக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1834 சட்டத்துக்குப் பின் வில்லியம் நீஸ் செதுக்கிய, வாசகம் இல்லாத அரை ஈகிள்கள் முதல் ஆண்டிலேயே ஆறரை லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டன. பழையதன் விலையில் சிறு பங்குக்கே இன்றும் கிடைக்கின்றன. மினுமினுப்பு, தேய்மானம், கழுவிய காசு, மெருகு போட்ட காசு ஆகியவற்றின் வேறுபாட்டை அவற்றில் கண்டு பழகலாம். கண் பழகிய பிறகு 1807 முதல் 1812 வரையிலான அரை ஈகிள்கள் பக்கம் வரலாம். அவற்றில் 1810, 1811 ஆகிய ஆண்டுகளின் காசுகள் பெரிய ஏலங்களில் அடிக்கடி வருகின்றன; இந்த முறை வந்தது மனதுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்கலாம்.